பனியாற்றுப் பாடத்துக்கு ஒரு பொறுப்பாளர்

லிஸ்பன், மே 9

அன்புள்ள குன்வோர்,

தொலைபேசியில் பலமுறை அழைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் கணவர்தான் எடுக்கிறார். "அவ வெளியில பனி தள்ளிட்டு இருக்கா" என்கிறார். உங்கள் வடக்கு நார்வேயில் மே மாதத்திலும் பனி கிடக்கும் என்பதை நம்புகிறேன். நான் கூப்பிடும்போதெல்லாம் விழுகிறது என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் எண் போட்டு, வகைப்படுத்தி, நான் செத்த பிறகும் பாதுகாத்து வைப்பார்கள். நான் உன்னிடம் கெஞ்சுவது நம் ராணுவக் கூட்டணியின் சொத்தாக வேண்டாம்.

மார்ச் மாதப் போர்ப்பயிற்சியில் நடந்ததை நீ நேரில் பார்த்தவள். உறைந்த ஆற்றின் மேல் போன லாரி பனியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. ஓட்டி வந்த கார்ப்பரல் சீட்ஸே பிழைத்துக்கொண்டான், கால்விரல்கள்தான் மிஞ்சவில்லை. நீ எங்களுக்கு அனுப்பியது ஒரே வரி: "வண்டிகளின் நெற்றியில் மஞ்சள் வட்டத்துக்குள் இருக்கும் எண், வண்டியின் நிஜ எடை அல்ல, அதை நம்பிப் பனியில் ஏறினால் அடுத்த முறை ஆள் சாவான்." எங்கள் அறிக்கையில் அது வெளிவந்த கோலம்: "குளிர்காலச் சுமை மதிப்பீட்டு ஒருங்கிணைப்பை மேலும் மெருகூட்ட வாய்ப்புள்ளது."

மெருகூட்டிய கை என்னுடையது. பிடித்துத் தள்ளிய கைகள் பல. கூட்டத்தில் நடந்ததைக் கேள்.

"'சாவான்'னு எழுதலாமா? யாரும் சாகலையே?" என்றார் ஒருவர்.

"நிஜ எடைன்னா மத்தது பொய் எடையா? எங்க வண்டி பொய் சொல்லுதுங்கிறீங்களா?" என்றார் இன்னொருவர்.

"அடுத்த முறைங்கிறது ஜோசியம். நடந்ததச் சொல்றதுதான் நம்ம வேலை" என்றார் மூன்றாமவர்.

அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அன்று கருவாட்டு மீன் போட்டிருந்தார்கள். முதலில் போகிறவனுக்குத்தான் நடுத்துண்டு கிடைக்கும். நான் கடைசியாகப் போய் வால் தின்றேன் என்பதையாவது என் தியாகமாக ஏற்றுக்கொள்.

நம் தொழிலின் லட்சணம் உனக்குத் தெரியாததா? நடந்த தவறை எழுதினால் அது 'கண்டறிந்த பாடம்'. யாராவது பொறுப்பேற்றுச் சரிசெய்து, அது சரியானதைச் சோதித்தும் பார்த்தால்தான் 'கற்ற பாடம்'. முதல் வகை எங்கள் கட்டடத்தில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. இரண்டாம் வகையை நான் மூக்குக்கண்ணாடி வைக்கும் கூட்டிலேயே அடைத்துவிடலாம், கண்ணாடியை வெளியே எடுக்காமலே.

கோபத்தை விடு. எழுது.

எவரிஸ்து


பார்துஃபோஸ், மே 24

மதிப்புக்குரிய திரு. கிந்தேலா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மே மாதம் இங்கே பனி தள்ளவில்லை. உங்கள் குரலைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கருவாட்டு மீனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சுவையாக இருக்கிறது. சீட்ஸேயைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவனுடைய படையில் விசாரணை நடக்கிறதாம். வேகமாக ஓட்டினான் என்று எழுதப்போகிறார்களாம். "நான் நடக்கிற வேகத்துலதான் போனேன் மேடம். போர்டுல இருந்த நம்பரவிட என் வண்டி நம்பர் கம்மி. அதான் ஏறினேன்" என்றான்.

அவன் சொன்னது சரி. பனியில் துளை போட்டு, தடிமன் பார்த்து, எவ்வளவு எடை தாங்கும் என்று கரையில் பலகை நடுவது என் பொறியாளர்கள். எங்கள் பலகை பொய் சொல்லவில்லை. வண்டியின் மஞ்சள் வட்டத்தில் இருப்பது அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் எண். அதற்குப் பிறகு அதன் மேல் ஏறியவை சக்கரச் சங்கிலி, கவசத் தகடு, எண்ணெய் டப்பாக்கள், கூடாரம், அடுப்பு, குளிருக்குப் பயந்து வழியெல்லாம் வெட்டி அடுக்கிய விறகு. எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி பயிற்சி. அதே ஆறு, அதே இடம். நான் கேட்பது ஒரே ஓர் உத்தரவு: பனியில் ஏறும் முன் எல்லா வண்டியையும் இருக்கிற கோலத்திலேயே எடை போட வேண்டும். அந்த உத்தரவைக் கொடுக்க ஒரு பொறுப்பாளரைக் கண்டுபிடியுங்கள். கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் மை வீணாக்க வேண்டாம்.

லெப்டினன்ட் கர்னல் குன்வோர் நிமோயன்


லிஸ்பன், ஜூன் 20

அன்புள்ள கர்னல் அம்மா,

நீ 'நீங்கள்' என்று எழுதியதைப் படித்ததும் என் மனைவி, "என்ன, வக்கீல் நோட்டீஸா?" என்று கேட்டாள்.

பொறுப்பாளரைத் தேடினேன். போக்குவரத்துக் குழுவைக் கூப்பிட்டேன்.

"எடைன்னா எங்களுது. பனின்னா பொறியாளர் குழு" என்றார்கள்.

பொறியாளர் குழுவிடம் போனேன். "பனி எங்களுது சார். வண்டி மேல எழுதியிருக்கிறது தரநிலைக் குழு."

தரநிலைக் குழுவில் ஒரு மரியாதையான மனிதர் எடுத்தார். "வட்டம் எத்தன அகலம், மஞ்சள் எந்த மஞ்சள், இதெல்லாம் எங்க பொறுப்பு. உள்ள இருக்கிற நம்பர் அந்தந்த நாட்டோடது."

"அப்ப எந்த நாட்டக் கேக்கணும்?"

"எல்லா நாட்டையும்."

"எல்லா நாட்டையும் எங்க பாக்கலாம்?"

"போக்குவரத்துக் குழுவுல" என்றார்.

குன்வோர், செக்குமாடு கூட மாலையில் எண்ணெய் தருகிறது. நான் தொந்தியைச் சுமந்துகொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

ஆனால் சும்மா விடவில்லை. நம்மிடம் ஒரு பழைய வழி இருக்கிறதே, மௌன முறை. வரைவை எல்லா நாட்டுக்கும் அனுப்புவோம். குறித்த தேதிக்குள் யாரும் மறுப்பு எழுதாவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. மௌனம் சம்மதம் என்பதைக் கல்யாண வீட்டார் மறந்தாலும் கூட்டணி மறக்காது. உன் பாடத்தை மறுபடி எழுதி, பொறுப்பாளர் என்ற இடத்தில் 'குளிர்கால நடமாட்டப் பணிக்குழு' என்று போட்டுவிட்டேன். அந்தக் குழு கடைசியாகக் கூடியபோது என் தலையில் முடி இருந்தது. இல்லாத குழு எப்படி மறுக்கும்? மௌனத்தின் கெடு ஆகஸ்ட் நடுவில். ஐரோப்பா முழுக்க கடற்கரையில் குப்புறப் படுத்திருக்கும். எவன் படிப்பான்?

பாராட்டி எழுது. 'நீ' போட்டு எழுது.

எவரிஸ்து


பார்துஃபோஸ், ஜூலை 2

எவரிஸ்து,

'நீ' போட்டுவிட்டேன். பாராட்டு இல்லை.

இல்லாத குழுவைப் பொறுப்பாளர் ஆக்கினால் பிள்ளைக்கு அப்பா பெயர் கிடைத்துவிடும். சோறு யார் போடுவது? அந்தக் குழு உத்தரவு போடாது, எடைக்கருவி கேட்காது, பிப்ரவரியில் ஆற்றங்கரையில் வந்து நிற்காது. உங்கள் அலமாரியில் ஒரு கட்டம் நிரம்பும், அவ்வளவுதான்.

போன வாரம் இங்கே முன்னேற்பாட்டுக்கு வந்த ஒரு படைப்பிரிவோடு பேசிக்கொண்டிருந்தேன். சார்ஜெண்டிடம், "உங்க வண்டி எவ்வளவு எடை?" என்று கேட்டேன். மஞ்சள் வட்டத்தை விரலால் தட்டினான்.

"இதுல போட்டிருக்கே."

"மேல இருக்கிற சாமானோடயா?"

"சாமான் எங்களுது மேடம். நம்பர் வண்டியோடது."

சிரிக்காமல் சொன்னான். நல்ல பையன். பிப்ரவரியில் வருகிறானாம்.

இருட்டாத கோடை இது. தூக்கம் வருவதில்லை. வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு உன் வரைவைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பொறுப்பாளர் என்ற இடத்தில் இருக்கும் பெயர் மட்டும் உறுத்துகிறது. என் பக்கத்தில் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன். என்னவென்று கேட்காதே.

குன்வோர்


விலா நோவா தெ மில்ஃபொன்டெஷ், ஆகஸ்ட் 4

அன்புள்ள குன்வோர்,

மாமியார் வீட்டுக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். எதிரில் ஒரு தட்டு வேகவைத்த நத்தை, ஒரு பீர், ஒரு மாமியார். மூன்றில் நத்தைதான் வேகமாக நகர்கிறது, என் வாய்க்குள்.

அலுவலகத்தில் என் உதவியாளர் லுர்தெஸிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்: "ஆகஸ்ட்ல என்ன வந்தாலும் தொடாதே. எனக்கு அனுப்பாதே. பதில் போடாதே." கைப்பேசியை மாமியாரின் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். நனைந்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

என்ன செய்கிறாய் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. இந்த வெயிலில் ஆர்வம் என்ற ஒன்றே என்னிடம் இல்லை.

எவரிஸ்து


லிஸ்பன், செப்டம்பர் 3

மதிப்புக்குரிய கர்னல் நிமோயன் அவர்களுக்கு,

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்தேன். இயக்குநர் நடைவழியில் கை குலுக்கினார். "வாழ்த்துகள் எவரிஸ்து! இந்த வயசுல இப்படி ஒரு துடிப்பா!" என்றார். எனக்குப் பேரன் பிறந்துவிட்டானோ என்று நினைத்தேன். மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

பிறகு லுர்தெஸ் காகிதத்தை நீட்டினாள். நார்வே மௌனத்தைக் கலைத்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். பொறுப்பாளர்: 'குளிர்கால நடமாட்டப் பணிக்குழு' என்பதை அடித்திருக்கிறது. அதன் இடத்தில்: 'லிஸ்பன் மையம், பகுப்பாய்வுப் பிரிவுத் தலைவர் எ. கிந்தேலா'. திருத்திய வரைவு மறுபடி சுற்றுக்கு வந்து, மறுபடி மௌனம் காத்து, ஆகஸ்ட் கடைசியில் நிறைவேறியிருக்கிறது. எந்த நாடும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கும்? பொறுப்பு அவர்கள் தலையில் விழவில்லையே. திறக்க வேண்டிய வாயில் நத்தை இருந்தது.

"ஏம்மா, இத எனக்குச் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"என்ன வந்தாலும் தொடாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"இது என் பேரும்மா!"

"உங்க பேர நான் எப்படி சார் தொடுறது?" என்றாள். அவள் முகத்தில் இருந்த மரியாதையை நான் நம்பவில்லை.

பாதி ஐரோப்பாவின் ராணுவ வண்டிகளை எடை போடும் பொறுப்பை, குளியலறை எடைக்கருவியில் ஏறவே பயப்படும் ஒருவன் தலையில் கட்டிவிட்டீர்கள். தங்கள் நட்புக்கு நன்றி.

எ. கிந்தேலா


பார்துஃபோஸ், செப்டம்பர் 15

எவரிஸ்து,

நான்தான் செய்தேன். வருத்தம் இல்லை.

இல்லாத குழுவுக்குப் போய்ச் சேர்ந்த பாடங்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயர் இருந்தால்தான் ஏதாவது நகரும். யார் பெயரைப் போடலாம் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தவர்களில் ஓர் அறிக்கையைக் கடைசி வரி வரை படிக்கிறவன் நீ ஒருவன்தான். படித்துவிட்டுத்தான் மெருகூட்டுகிறாய், ஆனால் படிக்கிறாய்.

ஒரு நல்ல செய்தி. இங்கே சாலைத்துறையில் அளவுக்கு மீறி மரம் ஏற்றும் லாரிகளைப் பிடிக்கிற ஆய்வாளர் ஒருத்தி இருக்கிறாள். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் எடைப்பலகைகள் அவளிடம் இருக்கின்றன. கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்க. பனியில வச்சுட்டு மறந்துடாதீங்க" என்றாள். எடைக்கருவி தயார். உத்தரவு மட்டும் வேண்டும். அது உன் பாடு.

திட்டி எழுது, பரவாயில்லை. ஆனால் எழுது.

குன்வோர்


லிஸ்பன், நவம்பர் 27

அன்புள்ள குன்வோர்,

திட்ட நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அலுப்பாக இருக்கிறது. பழைய சொல்லுக்கே திரும்பிவிட்டேன் பார், அன்புள்ள.

இரண்டு மாதமாக ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியிடமும் போய்க் கேட்டேன். எல்லாரும் காபி கொடுத்தார்கள். எல்லாரும், "அருமையான யோசனை" என்றார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் ஒருவரை மதுக்கடைக்கு அழைத்துப் போனேன். எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது கோப்பையில் உண்மை வந்தது.

"எவரிஸ்து, நீ நல்லவன். ஆனா யோசி. எடை போட்டா என்ன ஆகும்?"

"நிஜ எடை தெரியும்."

"தெரிஞ்சா நம்பர மாத்தணும். மாத்தினா எங்க ஊர்ல பாதிப் பாலத்துல அந்த வண்டி போகக்கூடாது. போகக்கூடாதுன்னா பாலத்தப் பலப்படுத்தணும், இல்ல வண்டிய மாத்தணும். எந்த மந்திரிகிட்டப் போய்ச் சொல்றது? இப்ப வண்டியும் போகுது, பாலமும் நிக்குது. யாருக்கும் ஒண்ணும் தெரியல. நல்லாத்தானே இருக்கு?"

"பனி நிக்காதே."

"பனி உங்க பிரச்சினை" என்றார். பாவம், வருத்தத்தோடுதான் சொன்னார்.

எடை கூடியிருப்பது தெரியாமல் யாரும் இல்லை குன்வோர். எவ்வளவு என்று தெரிந்துவிடக் கூடாது என்பதில் எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள். அதனால் நான் வாங்க முடிந்ததெல்லாம் இந்த ஒரு வரிதான்: "ஆற்றைக் கடக்கும் முன் எடை பார்த்துக்கொள்வது அந்தந்தப் படையின் விருப்பம்." விருப்பம்! என் மகனைப் பாத்திரம் கழுவச் சொன்னபோது நான் பயன்படுத்திய சொல். இன்றுவரை கழுவியதில்லை.

பிப்ரவரியில் நானே வருகிறேன். வேறு யாரும் வர விரும்பவில்லை.

எவரிஸ்து


பார்துஃபோஸ், ஜனவரி 19

எவரிஸ்து,

விருப்பம் என்றால் ஒருவனும் நிறுத்த மாட்டான். முன்னால் போகிறவன் நிறுத்தாவிட்டால் பின்னால் வருகிறவனும் நிறுத்த மாட்டான். படையின் ஒழுக்கம் அது.

இன்னொன்று. பயிற்சியின்போது நான் ஆற்றங்கரையில் இருக்க மாட்டேன். தலைமையகக் கூடாரத்தில் மதிப்பீட்டுக் குழுவோடு உட்கார வைத்திருக்கிறார்கள். என் பொறியாளர்கள் இருப்பார்கள். துளை போடுவார்கள், பலகை நடுவார்கள். ஓர் அந்நிய வண்டியை நிறுத்த அவர்களுக்கும் அதிகாரம் கிடையாது. இந்த ஆண்டு குளிர் தாமதமாக வந்தது. பனி போன ஆண்டை விட மெலிசு.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

கம்பளி உள்ளாடை இரண்டு எடுத்து வா. ஒன்றின் மேல் ஒன்று.

குன்வோர்


ஆற்றங்கரை, பிப்ரவரி 21

அன்புள்ள குன்வோர்,

உன் ஓட்டுநர் தலைமையகம் போகிறானாம், இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் குளிரை மன்னி. விரல்கள் எனக்குச் சொந்தமானவையாகத் தெரியவில்லை.

முதல் நாள் எடைப்பலகைகளைப் பாதையோரம் வைத்து, 'எடை பார்க்குமிடம்' என்று பலகை வைத்தேன். ஒருவனும் நிற்கவில்லை. நல்லவேளையாக அன்று வந்தவை சின்ன வண்டிகள். கை காட்டினேன். ஒரு ஓட்டுநர் திரும்பக் கை காட்டிவிட்டுப் போனான், ஏதோ உள்ளூர்க் கிழவன் வாழ்த்துகிறான் என்று.

மாலையில் உன் பொறியாளர்களில் ஹெர்போர்க் என்ற பெண் கேட்டாள்: "இங்க வண்டிய நிறுத்த வைக்கிறது எது தெரியுமா சார்?"

"துப்பாக்கியா?"

"வாஃபிள்."

மறுநாள் கனரக வண்டிகள் வரும் முன்னே கரைக்கு இந்தப் பக்கம் கூடாரம் போட்டோம். கட்டம் கட்டமாக வார்க்கும் வாஃபிள் அப்பம், பழுப்புப் பாலாடைக்கட்டி, சூடான காபி. பெரிய எழுத்தில் பலகை. கூடாரத்துக்குப் போகப் பனி தள்ளிய பாதை ஒன்றுதான். அந்தப் பாதையில் எடைப்பலகைகள். மூன்று நாள் டப்பா உணவு தின்ற படை குன்வோர்! தளபதி வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.

உருட்டிக்கொண்டு வந்தார்கள். எடையைக் காகிதத்தில் எழுதவில்லை. வண்டிக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். நீ கோடையில் சொன்னாயே, அந்த சார்ஜெண்ட். அவன்தான் முதலில் இறங்கி வாஃபிள் வாங்கி வந்தான். கதவைப் பார்த்தான். மஞ்சள் வட்டத்தைப் பார்த்தான். கரையில் இருந்த உங்கள் பலகையைப் பார்த்தான். வாயில் இருந்த வாஃபிளை மெல்லவே மறந்துவிட்டான்.

"இது யாருக்குப் போகும் சார்?"

"யாருக்கும் போகாது. அக்கரை போனதும் துடைச்சிடு."

"சத்தியமா?"

"சத்தியமா."

திரும்பிக் கத்தினான்: "டேய், விறக எறக்குங்கடா! அடுப்பு, டப்பா எல்லாம்! பனியில இழுக்கிற ஸ்லெட்ஜ்ல தனியா வரட்டும்!"

அடுத்த வண்டிக்காரன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. முன்னால் போனவன் இறக்கினான், இவனும் இறக்கினான். படையின் ஒழுக்கம்தானே? இரண்டு நாளில் இந்தக் கரையில் ஒரு மலை விறகு சேர்ந்துவிட்டது. பெரிய லாரி ஒன்று எவ்வளவு இறக்கியும் கரைப் பலகையின் எண்ணுக்குள் வரவில்லை. பாலம் வழியாகச் சுற்றி அனுப்பினோம். திட்டிக்கொண்டே போனான், கையில் வாஃபிள் வைத்துக்கொண்டு.

கடைசி வண்டி இப்போதுதான் அக்கரை ஏறியது. யாரும் நனையவில்லை. அங்கே ஒவ்வொருவனும் கையுறையால் கதவைத் துடைப்பது இங்கிருந்து தெரிகிறது.

எவரிஸ்து


லிஸ்பன், மார்ச் 18

அன்புள்ள குன்வோர்,

மூக்கின் தோல் இன்னும் உரிகிறது. வீட்டில் யாரும் அனுதாபப்படவில்லை.

இயக்குநர் கூப்பிட்டார். "யாரும் விழல. அப்ப இது கற்ற பாடம். டிக் போட்டு மூடிடுங்க. செப்டம்பர்ல ஓய்வு பெறுறீங்க, கைய வீசிட்டுப் போகலாம்" என்றார். ஆதாரம் கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் இல்லை. எல்லாம் கையுறையோடு போயிற்று. ஒருவருடைய மஞ்சள் வட்டமும் மாறவில்லை. ஊருக்குப் போனதும் விறகு மறுபடி ஏறியிருக்கும்.

ஒரு டிக். என் பெயர் அந்தப் பாடத்திலிருந்து விடுபடும். ஆசையாக இருக்கிறது, மறைக்கவில்லை. களைத்துவிட்டேன் குன்வோர். நீ என்ன சொல்கிறாய்?

எவரிஸ்து


பார்துஃபோஸ், மார்ச் 26

எவரிஸ்து,

நீ டிக் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லும் உரிமையை ஆகஸ்டிலேயே செலவழித்துவிட்டேன்.

ஆனால் தெரிந்துகொண்டு போடு. 'கற்ற பாடம்' என்று எழுதிய பிறகு அதை யாரும் திறக்க மாட்டார்கள். அடுத்த பயிற்சிக்குத் திட்டம் போடுகிறவன், இது தீர்ந்த விஷயம் என்று பக்கத்தைத் திருப்புவான். பாதையில் எடைப்பலகை இருக்காது. கூடாரமும் இருக்காது. என் பொறியாளர்கள் மட்டும் பலகையை நட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த முறை நாம் நிறுத்தியது அந்த வண்டிகளைத்தான். எண்ணை அல்ல.

நானும் களைத்துத்தான் இருக்கிறேன். ஸ்லெட்ஜில் ஏற்றியது போக மிச்ச விறகை ஊர் முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை.

குன்வோர்


லிஸ்பன், ஏப்ரல் 4

அன்புள்ள குன்வோர்,

டிக் போடவில்லை.

"ஏன்? ஒருத்தன்கூட விழலையே!" என்றார் இயக்குநர்.

"விழுந்திருந்தா மூடியிருப்பேன் சார். அப்பத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஓய்வு நெருங்குகிறவர்களுக்கு இப்படி ஆகும் என்று லுர்தெஸிடம் சொன்னாராம். அவள் அதை அப்படியே என்னிடம் வந்து சொன்னாள், இன்னும் கொஞ்சம் சேர்த்து.

ஆக, பாடம் திறந்தே இருக்கிறது, பொறுப்பாளரும் நானேதான். செப்டம்பருக்குப் பிறகு எனக்குப் பதவி இருக்காது, பயணச்சீட்டும் கிடைக்காது. பெயர் மட்டும் அங்கேயே இருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் யாராவது முன்வந்து தன் பெயரைப் போட வேண்டும். அந்தக் கவலை எனக்கு இல்லை. முன்வர மாட்டார்கள்.

டிசம்பரில் முதல் துளை போட்டதும் பனி எத்தனை விரற்கடை என்று எழுது. வண்டிகள் எவ்வளவு எடை என்று நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

எவரிஸ்து